ஆக்கியோன் பெயர்: ‘காக்கை’ என்னும் பிரெஞ்சுத் திரைப்படம் பற்றிய ஆய்வு

1. முன்னுரை

துப்பறியும் கதை என்னும் இலக்கிய வகை ஆராய்ச்சியாளர்தம் மதிப்பைப் பெரிதும் பெற்றதன்று. அது பொழுதுபோக்குக்கென எழுதப்படுவது, ஒருமுறை படித்தபின் மறுமுறை படிக்கத் தகாதது, விடை தெரிந்த அளவிலேயே பயன் முடிந்துவிடுவது என்று கூறி அதனை ஒதுக்குவார் பலர். இக்கூற்றில் உண்மை இல்லாமலில்லை. கொன்றவன் யார் என்னும் வினாவை முதலில் எழுப்பி, இறுதியில் அதற்கு விடை கூறி அமையும் கதை, அவ்விடை வெளிப்பட்டதும் தன் சுவையை இழத்தல் இயல்பே. எனினும், விடை தெரிந்த பின்னரும் மீண்டும் காணத் தூண்டுவனவும், காணுந்தோறும் புதுப்பொருள் தருவனவும் ஆகிய சில படைப்புகள் இவ்வகையுள்ளும் உள. ஆன்ரி ஜார்ஜ் குளூசோ இயக்கி, 1943 செப்டம்பர்த் திங்களில் பாரிசில் வெளிவந்த ‘லெ கொர்போ’ என்னும் திரைப்படம் அவற்றுள் ஒன்று. ‘காக்கை’ என்பது அப்பெயரின் பொருள்.

இப்படம் வெளிவந்த நாள்தொட்டு இதனைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் ஒரே வினாவைச் சுற்றியே எழுந்துள்ளன. செருமானியர் பிரான்சைக் கைப்பற்றியிருந்த காலத்தில், செருமானியர்க்கு உரிய நிறுவனத்தின் பொருளால் எடுக்கப்பெற்ற இப்படம் பிரெஞ்சு மக்களை இழித்துரைத்ததா, அன்றி அவர்தம் நோயைச் சுட்டிக்காட்டியதா என்பதே அவ்வினா. அது புறக்கணிக்கத்தக்க வினா அன்று. ஆயினும், படத்தின் உள்ளமைப்பை ஆராயாது அவ்வினாவுக்கு விடை காண முற்படுதல் முறையாகாது. ஆதலின் முதற்கண் படத்தின் அமைப்பையும், அதன்பின் அவ்வழக்கையும் ஈண்டு ஆராய்வோம். ‘எழுதியவர் யார்?’ என்று இப்படம் கேட்கும் வினா, ஒருவர் பெயரை விடையாகக் கொள்ளும் வினா அன்று என்பதும், அதனை உணர்ந்தாலன்றிப் படத்தின்மீது சாட்டப்பெற்ற குற்றத்தை எடைபோட இயலாது என்பதும் நாம் நிறுவ விழையும் கருத்துகள்.

2. கதைப் பொருள்

கதை நிகழும் ஊர் சேன் ரொபேன் என்னும் சிறுநகர். இது கற்பனைப் பெயர். தொடக்கத்திலேயே, இஃது ஒரு சிற்றூர், இங்கோ வேறெங்கோ உள்ளது என்னும் கருத்துடைய எழுத்துகள் திரையில் தோன்றுகின்றன. ஊரின் கூரைகளையும் கோயிலையும் காட்டியபின் படப்பொறி கல்லறைத் தோட்டத்தை அடைய, அதன் இரும்புக் கதவு தானே திறக்கின்றது.

அவ்வூர் மருத்துவமனையில் பணிபுரியும் ஜெர்மேன் என்னும் மருத்துவர்க்குப் பெயரில்லாக் கடிதம் ஒன்று வருகின்றது. முதிய மனநோய் மருத்துவராகிய வொர்ஸே என்பாரின் இளம் மனைவி லோராவுடன் அவர் கூடாவொழுக்கம் உடையவர் என்றும், கருச்சிதைவு செய்பவர் என்றும் அக்கடிதம் பழிக்கின்றது. கையொப்பத்தின் இடத்தில் ‘காக்கை’ என்னும் பெயரே உள்ளது. பின்னர் ஊரின் உயரலுவலர், மருத்துவர், வணிகர் எனப் பலர்க்கும் கடிதங்கள் பரவுகின்றன. ஒவ்வொருவர் மறைத்து வைத்ததும் மற்றவர்க்குத் தெரிந்ததாகின்றது. மருத்துவமனையில் 13-ஆம் எண் படுக்கையில் கிடந்த இளைஞனுக்கு வந்த கடிதம், அவன் நோய் தீராதது என்று அறிவிக்க, அவன் சவரக் கத்தியால் தன் கழுத்தை அறுத்துக்கொண்டு மாய்கின்றான்.

அவனுடைய இறுதி ஊர்வலத்தில் சவ வண்டியிலிருந்து மற்றொரு கடிதம் வீழ்கின்றது. ஊரார் சினம் லோராவின் தமக்கையாகிய மரி கொர்பேன் என்னும் செவிலியின்மேற் பாய, அவர் சிறைப்படுகின்றார். ஆயினும், தேவாலயத்தில் வழிபாடு நிகழும்போது மேல்மாடத்திலிருந்து இன்னொரு கடிதம் மிதந்து வந்து வீழவே, மரி குற்றமற்றவர் என்பது தெளிவாகின்றது. மேல்மாடத்தில் இருந்தோர் அனைவரையும் பள்ளிக்கு அழைத்துச் சொல்வதெழுதவைத்துக் கையெழுத்தை ஆராய்கின்றனர். ஐயம் முதலில் தெனீஸ் என்னும் கால் ஊனமுற்ற பெண்மீதும், பின்னர் லோராமீதும் செல்கின்றது. லோராவுக்கு மனநோய் என்று வொர்ஸே கூற, ஜெர்மேனும் உடன்பட்டுக் கையொப்பமிடுகின்றார். லோரா ஊர்தியில் ஏற்றிச் செல்லப்படும்பொழுது உண்மை வெளிப்படுகின்றது. தொடக்கத்தில் எழுதியவர் லோரா. அதன்பின் அவரை எழுதவைத்துத் தாம் சொல்லிவந்தவர் வொர்ஸே. ஜெர்மேன் விரைந்து சென்று காணும்போது வொர்ஸே தம் எழுதுமேசைமேற் கழுத்தறுபட்டுக் கிடக்கின்றார். சாளரத்தின் வழியே, கருந்துகில் போர்த்த தாயொருத்தி தெருவில் மெல்ல நடந்து செல்வது தெரிகின்றது. அவள் மாய்ந்த இளைஞனின் தாய்.

3. தூல் நகர நிகழ்ச்சி

இக்கதைக்கு உண்மை நிகழ்ச்சியொன்று மூலமாக அமைந்தது. பிரான்சின் நடுத்தென் பகுதியில் கொரேசு மாவட்டத்தின் தலைநகராகிய தூல் என்னும் ஊரில், 1917 முதல் 1922 வரை பெயரில்லாக் கடிதங்கள் பல உலவின. மாவட்ட ஆட்சியகத்தின் அலுவலர் பலரும் அவர்தம் குடும்பத்தாரும் அவற்றால் அல்லலுற்றனர். லியோன் நகரில் குற்றவியல் ஆய்வுக்கூடம் நிறுவியவராகிய எட்மோன் லொகார் என்னும் அறிஞர் ஐயத்துக்குரியோரை நெடுநேரம் சொல்வதெழுதச் செய்து, கையெழுத்தை ஒப்பிட்டு, ஆஞ்செல் லவால் என்னும் பெண்ணே அவற்றை எழுதியவர் என்று காட்டினார். 1922-இல் தீர்ப்பு வழங்கப்பெற்றது.

லூயி ஷவான்ஸ் என்பவர் இந்நிகழ்ச்சியைத் தழுவித் திரைக்கதை ஒன்று வரைந்து 1937-இலேயே பதிவு செய்து வைத்திருந்தார். பின்னர்க் குளூசோவும் அவரும் சேர்ந்து அதனைத் திருத்தியமைத்தனர். மூலத்தையும் படத்தையும் ஒப்பிடுவார்க்கு மூன்று மாற்றங்கள் புலனாகும். தூல் நகரில் எழுதியவர் ஒருவரே; படத்தில் ஒருவர்க்கு மேற்பட்டோர். தூல் நகரில் கையெழுத்து ஆராய்ச்சி வென்றது; படத்தில் தோற்றது. தூல் நகரில் ஆராய்ந்தவர் வெளியிலிருந்து வந்த அறிஞர். படத்தில் அவ்விடத்தில் அமர்ந்து சொல்வதெழுதச் செய்பவர் வொர்ஸே, அஃதாவது குற்றவாளியே. இம்மூன்று மாற்றங்களும் ஒரே திசையை நோக்குகின்றன. ஆகவே இவை கதையைச் சுவைபடுத்துவதற்கு மட்டும் செய்யப்பட்டவை அல்ல என்பது பெறப்படும்.

4. மொட்டைக் கடிதத்தின் இலக்கணம்

பெயரில்லாக் கடிதத்தைத் தமிழில் மொட்டைக் கடிதம் என்கிறோம். பிரெஞ்சு மொழியிலோ, இப்படத்தின் பின்னர், அதனை எழுதுவோர்க்குக் ‘காக்கை’ என்னும் பெயரே வழக்கில் நிலைத்துவிட்டது. தமிழ்ச்சொல் கடிதத்தில் இல்லாததைச் சுட்டுகின்றது. பிரெஞ்சுச்சொல் எழுதியவருக்கு ஒரு முகமூடியைத் தருகின்றது. இவ்வேறுபாடு கருதத்தக்கது. மொட்டைக் கடிதத்தில் பெயர் இல்லை. காக்கையின் கடிதத்திலோ பொய்ப்பெயர் உண்டு. பொய்ப்பெயரை யாரும் எடுத்து அணிந்துகொள்ளலாம் என்பதே இப்படத்தின் கதையை இயக்கும் பொறி.

நூலின் சிறப்புப்பாயிரத்துக்கு நன்னூலார் கூறும் எட்டனுள் ஆக்கியோன் பெயர் முதலாவது. கேட்போரும் பயனும் இறுதியில் நிற்பன. பிரெஞ்சுத் திரைப்படத்தைத் தமிழ் இலக்கணத்தால் அளக்கலாகாது என்பதை நாம் மறந்தோமல்லோம். எனினும் ஆய்வுக்குரிய கருவியாக இப்பாகுபாட்டைக் கொள்ளுதல் தவறாகாது. காக்கையின் கடிதத்திற் கேட்போர் யார் என்பது ஐயமின்றித் தெரியும். ஒவ்வொரு கடிதத்திலும் முகவரி உண்டு. அதன் பயனும் தெரியும்; நாணமும் அச்சமும் பகையும் விளைகின்றன. நுதலிய பொருளும் தெரியும். ஊராரின் மறைபொருள்களே அவை. ஆக்கியோன் பெயர் ஒன்றே இல்லை. ஊர் மக்கள் அவ்வொன்றைத் தேடியலைகின்றனர். அதனைக் கண்டால் ஏனையவெல்லாம் தாமே தீரும் என்பது அவர்தம் துணிபு.

அத்துணிபில் ஒரு தன்னேய்ப்பு உளது. கடிதங்கள் கூறுவனவற்றுட் சில பொய், சில மெய். ஜெர்மேன் கருச்சிதைவு செய்பவர் என்பது பொய். லோராவின் மனம் அவர்பால் உளது என்பது மெய். மருத்துவமனை அலுவலரும் பிறரும் ஒருவரையொருவர் பற்றிய கடிதங்களைக் கையிற் கொண்டு நிற்கும்போது, எழுதியவர் யார் என்றே வினவுகின்றனர். எழுதியது உண்மையா என்று தம்மைத் தாம் வினவுவாரில்லை. ஆக்கியோனைத் தேடும் முயற்சி, நுதலிய பொருளை நோக்காதிருத்தற்கு ஒரு வழியாகவும் அமைந்துவிடுகின்றது.

5. மூவகைத் தேடல்

படத்தில் ஆக்கியோனைத் தேடும் முயற்சி மூவகையாக நிகழ்கின்றது. மூன்றும் தமிழ் நூலாராய்ச்சியில் நாம் அன்றாடம் மேற்கொள்ளும் வழிகளே என்பதனால், அவற்றின் தோல்வியை நம் மாணவர் ஊன்றி நோக்குதல் நன்று.

முதலாவது, இயல்புகொண்டு துணிதல். மரி கொர்பேன் கடுஞ்சொல்லர், நோயாளரிடம் இரக்கமற்றவர், கன்னியாகவே முதிர்ந்தவர். இத்தகையவரே இதனைச் செய்திருப்பார் என்று ஊர் துணிகின்றது. கொர்பேன் என்னும் அவர் பெயரே கொர்போ என்னும் காக்கைப் பெயரை நினைவூட்டுகின்றது. சவ ஊர்வலத்தினின்று அவர் நழுவி, ஆளற்ற தெருக்களில் ஓடும் காட்சி இப்படத்தின் சிறந்த பகுதிகளுள் ஒன்று. துரத்துவோரை நாம் காண்பதில்லை. கூட்டத்தின் ஆரவாரம் ஒலியாக மட்டுமே வருகின்றது. செவிலியின் கருந்துகில் பின்னே பறக்கின்றது. வீட்டை அடைந்தால், அங்குள்ள பொருள்கள் முன்னரே சிதைக்கப்பட்டுக் கிடக்கின்றன. கூட்டத்தைக் காட்டாது ஒலியைமட்டும் கேட்பித்தமையால், எறிந்த கைகள் யாருடையவை என்பதும் தெரியாமற்போகின்றது. அஃதாவது, மொட்டைக் கடிதம் எழுதியவரைத் தண்டிக்கப் புறப்பட்ட ஊரும் பெயரற்றதாகிவிட்டது.

இரண்டாவது, கையெழுத்தால் துணிதல். பள்ளி வகுப்பறையில் முதியோரும் இளையோரும் சிறார்க்குரிய இருக்கைகளில் அமர்ந்து, காக்கையின் கடிதங்களிலுள்ள வசைமொழிகளையே சொல்லச் சொல்ல எழுதுகின்றனர். கை சோர்ந்தால் இயல்பான எழுத்து வெளிப்படும் என்பது கருத்து. அதனால் நெடுநேரம் எழுதவைக்கின்றனர். தெனீஸ் மயங்கி விழ, ஐயம் அவர்மேற் சார்கின்றது. இக்காட்சியைக் கதை தெரியாமற் காண்போர் எழுதுவோரின் கைகளையே நோக்குவர். கதை தெரிந்து மறுமுறை காண்போர், சொல்லிக்கொண்டிருக்கும் வொர்ஸேயை நோக்குவர். அவர் அன்று செய்வது, அவர் நாள்தோறும் வீட்டிற் செய்துவந்த செயலே. வீட்டில் ஒருத்தி எழுதினாள், இங்கு ஊரே எழுதுகின்றது. சொல்பவன் ஒருவன், எழுதுவோர் பலர் என்னும் நிலையைக் கண்முன் நிறுத்தியும், எவரும் அதனைக் காணாதபடி குளூசோ செய்துள்ளார். ஏட்டுச்சுவடிகளை ஆராய்வார்க்கு இவ்வேறுபாடு புதிதன்று. ஏட்டின் எழுத்து அதனைப் படியெடுத்தவரைக் காட்டுமேயன்றி இயற்றியவரைக் காட்டாது. சேன் ரொபேனின் ஆராய்ச்சியாளர் எழுதியவரையும் இயற்றியவரையும் ஒருவரெனக் கொண்டமையால் தவறினர்.

மூன்றாவது, பொருட்சான்றால் துணிதல். லோராவின் மையொற்றுத் தாளிற் கடிதத்தின் சுவடுகள் காணப்படுகின்றன. இச்சான்று பொய்யன்று, லோரா எழுதியதும் உண்மையே. ஆயினும், இச்சான்றை நம்பி ஜெர்மேன் இட்ட கையொப்பம் படத்தின் மிகக் கொடிய தவறாக முடிகின்றது. பொய்ச்சான்று கேடு விளைத்தல் எளிதில் விளங்கும். மெய்ச்சான்று கேடு விளைத்தல் எங்ஙனம் என்பதை இப்பகுதி காட்டுகின்றது. சான்று கூறியது ‘இவர் எழுதினார்’ என்பதே. ‘இவர் மட்டுமே’ என்னும் சொல்லை ஜெர்மேன் தாமே சேர்த்துக்கொண்டார்.

இன்னும் ஒன்று. தெனீசும் காக்கையின் முறையிற் கடிதம் ஒன்று எழுதுகின்றார். தாம் கருவுற்றிருப்பதை ஜெர்மேனுக்கு நேரிற் கூற இயலாமல் அவ்வழியை நாடுகின்றார். பழிப்பதற்கு ஏற்பட்ட பெயர் ஈண்டு அன்பை அறிவிப்பதற்குப் பயன்படுகின்றது. ஆகவே காக்கை என்னும் பெயரால் எழுதியோர் வொர்ஸே, லோரா, தெனீஸ் என மூவராகின்றனர். மூவரின் நோக்கமும் வெவ்வேறு. லோராவுக்கு நிறைவேறா விருப்பம், வொர்ஸேக்குப் பொறாமையும் ஒருவகை நோயுற்ற விளையாட்டும், தெனீசுக்கு நாணம்.

குளூசோ 1942-இல் இயக்கிய முதல் முழுநீளப் படமாகிய ‘கொலைகாரன் 21-ஆம் எண் இல்லத்தில் வாழ்கின்றான்’ என்பதிலும் கொலைஞன் ஒருவன் அல்லன், மூவர் என்பதே விடை. ஆனால் அங்கு அது காண்போரை ஏய்க்கும் ஒரு சூழ்ச்சி; ஒருவன் பிடிபட்டிருக்கும்போது மற்றொருவன் கொன்று அவனைத் தப்புவிக்கும் ஏற்பாடு. அடுத்த ஆண்டுப் படத்தில் அதே பன்மை கதையின் உட்பொருளாக உயர்ந்துவிட்டது. ஓராண்டுக்குள் நிகழ்ந்த இவ்வளர்ச்சி, கலைஞன் ஒருவன் தன் கருவியின் ஆற்றலை உணர்ந்துகொள்ளும் முறைக்கு நல்ல சான்று.

6. ஊசலாடும் விளக்கு

இப்படத்தைப் பற்றி எழுதுவோர் அனைவரும் எடுத்துக்காட்டும் காட்சி ஒன்று உண்டு. பள்ளி வகுப்பறையில் வொர்ஸேயும் ஜெர்மேனும் இரவில் உரையாடுகின்றனர். நல்லோர் முற்றும் நல்லோர், தீயோர் முற்றும் தீயோர் என்று கருதும் ஜெர்மேனை நோக்கி வொர்ஸே, தொங்கும் மின்விளக்கைத் தள்ளி ஆடவிடுகின்றார். ஒளியும் நிழலும் இருவர் முகத்திலும் அங்குள்ள பூகோள உருண்டையிலும் மாறி மாறி விழுகின்றன. நன்மை எங்கே, தீமை எங்கே, இடைப்பட்ட எல்லை எங்கே, நீர் எப்பக்கம் நிற்கின்றீர் என்று வினவுகின்றார். விளக்கை நிறுத்துவேன் என்று ஜெர்மேன் அதனைப் பற்ற, கை சுடுகின்றது.

இக்காட்சியே படத்தின் உண்மையுரை என்று பலர் கொள்வர். மனிதருள் நன்மையும் தீமையும் கலந்தே உள்ளன, ஆதலின் யாரையும் பழிக்கலாகாது என்பதே ஆசிரியர் கருத்து என்பது அவர்தம் முடிபு. நாம் இதனை முழுதும் உடன்படவில்லை. இவ்வுரையைக் கூறுபவர் யார் என்பதை நோக்கவேண்டும். கடிதங்களால் ஓரிளைஞனை மாய்த்தவர் அவர். எல்லைக்கோடு இல்லை என்னும் கொள்கை அவர்க்கு மறைவிடமாகப் பயன்படுகின்றது. நாடகத்தில் ஒரு மாந்தர் கூறும் கூற்றை நாடக ஆசிரியன் கூற்றாகக் கொள்ளுதல் பிழை என்பதை நாம் மாணவர்க்கு ஓயாது வற்புறுத்துகின்றோம். அப்பிழை ஈண்டும் நேர்ந்துள்ளது.

அவ்வாறாயின் இக்காட்சி பொய்யோ எனின், அன்று. வொர்ஸே கூறுவது உண்மை. அவர் அதனைக் கூறும் நோக்கம் தீது. அவர்தம் கடிதங்களின் இயல்பும் இதுவே. உண்மையைக் கூறித் தீமை விளைத்தல் அவர் வழி. 13-ஆம் எண் நோயாளிக்கு வந்த கடிதத்திற் பொய் ஒரு சொல்லும் இல்லை. விளக்கு ஆடும் காட்சியும் காக்கையின் மற்றொரு கடிதம் என்றே கொள்ளல் வேண்டும். அது தாளில் எழுதப்படாமல் ஒளியால் எழுதப்பட்டது. நிக்கோலா அயே என்னும் ஒளிப்பதிவாளர்தம் திறத்தால் அது காண்போர் அனைவர்க்கும் அனுப்பப்பட்ட கடிதமாகவும் ஆகிவிடுகின்றது. ஜெர்மேன் சுட்டுக்கொண்ட கை, அவர் கொள்கையளவில் தோற்றதை மட்டும் குறிப்பதன்று. பின்னர் லோராவுக்கு எதிராகக் கையொப்பமிடப்போவது அக்கையே.

7. இரண்டு சாவுகள்

படத்தில் இருவர் சாகின்றனர். இருவர்க்கும் சாவு சவரக் கத்தியால் வருகின்றது. முதற்சாவு தற்கொலை எனப்படும். இரண்டாவது கொலை எனப்படும். ஆயினும் படம் இவ்வேறுபாட்டைத் தலைகீழாக்குகின்றது. இளைஞனின் கையிற் கத்தி இருந்ததேனும் அவனைக் கொன்றது கடிதம். வொர்ஸே இறக்கும்போது மேசைமேல் இறுதிக் கடிதம் கிடக்கின்றது. எழுதிக்கொண்டிருந்த நிலையிலேயே அவர் வெட்டுண்டார். எழுத்தாற் கொன்றவர் எழுத்தின்மேல் வீழ்ந்தார்.

இளைஞனின் தாய் எங்ஙனம் உண்மையறிந்தாள் என்பதைப் படம் விளக்கவில்லை. ஊரும் அலுவலரும் மருத்துவரும் செய்த ஆராய்ச்சியெல்லாம் தவற, எந்த ஆராய்ச்சியிலும் பங்கு பெறாத ஏழைத் தாய் சரியான வாயிலை அடைகின்றாள். இதனைக் கதையமைப்பின் குறை என்பர் சிலர். நாம் அவ்வாறு கருதவில்லை. எவர்மேலும் பகையின்றி, எவரையும் மறைத்தற்குரிய கடப்பாடுமின்றி நோக்கியவள் அவ்வூரில் அவள் ஒருத்தியே. ஏனையோர்க்கெல்லாம் வெளிப்படாது காக்கவேண்டிய செய்தி ஒன்றேனும் இருந்தது.

அவள் தெருவில் நடந்து செல்வதை ஜெர்மேன் காண்கின்றார், கூவவுமில்லை, தடுக்கவுமில்லை. அவர் வாய் திறவாமையை நீதி என்பதா, சோர்வு என்பதா? படம் கூறாது முடிகின்றது. நாம் எண்ணுவது இது: கடிதத்தால் ஒருவரைக் காட்டிக்கொடுத்தலே அவ்வூரின் நோய். அந்நோயினின்று விடுபட்டவர் செய்யக்கூடிய முதற்செயல் வாளாவிருத்தலே. ஆனால் அவ்வாளாவிருத்தல் ஒரு கொலையை மறைப்பதாகவும் அமைகின்றது. இச்சிக்கலை அவிழ்க்காது விட்டமை படத்தின் நேர்மை.

8. குற்றச்சாட்டும் அதன் மறுப்பும்

இப்பொழுது தொடக்கத்தில் கூறிய வழக்குக்கு வருவோம். இப்படத்தை எடுத்த கொண்டினென்டல் என்னும் நிறுவனம் 1940-இல் செருமானியரால் பாரிசில் நிறுவப்பெற்றது. ஆல்பிரட் கிரேவன் அதன் தலைவர். குளூசோ அதன் திரைக்கதைப் பகுதியின் பொறுப்பில் இருந்தவர். ஆதலின் எதிர்ப்பியக்கத்தாரின் மறைவிதழ்கள் இப்படத்தைக் கடிந்தன. பிரெஞ்சுச் சிறுநகரைக் கயவர் உறைவிடமாகக் காட்டிப் பகைவர்க்குத் துணைபோயிற்று என்பது அவர்தம் குற்றச்சாட்டு. விடுதலைக்குப்பின் குளூசோ திரைத்தொழிலில் வாழ்நாள் முழுதும் ஈடுபடலாகாது எனத் தடுக்கப்பெற்றார். ழான் கொக்தோ, சார்த்தர் முதலியோர் அவர்க்கு ஆதரவாக நின்றனர். தடை ஈராண்டாகக் குறைக்கப்பெற்றது. 1947-இல் அவர் அடுத்த படத்துடன் திரும்பினார்.

இப்படத்துக்கு ஆதரவாகப் பிற்காலத்தார் கூறும் விடை இது: கைப்பற்றப்பட்ட பிரான்சில் அண்டை வீட்டாரைக் காட்டிக்கொடுக்கும் மொட்டைக் கடிதங்கள் பெருகியிருந்தன, படம் அவ்விழிசெயலைக் கடிந்தது, ஆதலின் அது பகைவர்க்கு எதிரான படமே. இவ்விடை கவர்ச்சியானது. எனினும் ஒரு தடை உண்டு. திரைக்கதை 1937-இலேயே பதிவுபெற்றது. அக்காலத்தில் கைப்பற்றலும் இல்லை, காட்டிக்கொடுத்தலும் இல்லை. ஆகவே போர்க்காலக் குறிப்பு, கதை கருக்கொண்ட காலத்து நோக்கமாக இருந்திருக்க இயலாது. மறுபுறம், 1943-இல் கண்டோர்க்கு அக்குறிப்புத் தோன்றாதிருந்திருக்கவும் இயலாது. ஆக்கியோன் கருதிய பொருளும் கேட்போர் கொண்ட பொருளும் ஈண்டு வேறாகின்றன. இரண்டனையும் ஒன்றாக்கிக் குற்றஞ்சாட்டியோரும், இரண்டனையும் ஒன்றாக்கிக் காத்தோரும் ஒரே தவற்றையே செய்தனர். ஆட்டோ பிரெமிங்கர் 1951-இல் இக்கதையைக் கனடாவின் கியூபெக் பகுதிக்கு மாற்றிப் ‘பதின்மூன்றாம் கடிதம்’ என எடுத்தார். கைப்பற்றல் என்னும் சூழலே இல்லாத நாட்டிலும் கதை நின்றது என்பது கருதற்குரியது.

நம் முடிபு வேறு. குற்றஞ்சாட்டியோர், படம் ஊர் முழுவதையும் குற்றவாளியாக்குகின்றது என்றனர். அவர்கள் கண்டது சரி. அதற்கு அவர்கள் கொண்ட பொருளே பிழை. ஊர் முழுவதும் தீயது என்று படம் கூறவில்லை. தீங்கு செய்தவன் ஒருவனே, அவனைக் கண்டு நீக்கிவிட்டால் நாம் தூயோர் என்று ஊர் கொண்ட துணிபையே படம் மறுக்கின்றது. விடுதலையடைந்த நாடு 1944-இல் விரும்பியது அத்துணிபையே. துரோகிகள் இன்னின்னார், ஏனையோர் மாசற்றார் என்று பிரித்துக் காட்டும் பட்டியல் அன்று வேண்டப்பட்டது. அத்தகைய பட்டியலின்மேல் ஐயத்தை விளைக்கும் படம் அவர்களுக்கு ஏற்காமற்போனது வியப்பன்று. படத்தின் இயக்குநரே அப்பட்டியலில் ஒரு பெயரானார் என்பது வரலாறு.

இவ்வாறு கூறுவதால் குளூசோவைக் குற்றமற்றவர் என நாம் நிறுவியதாகக் கொள்ளலாகாது. பகைவரின் நிறுவனத்திற் பொறுப்பான பணி ஏற்றமை அவர் வாழ்வைச் சார்ந்த செயல். அதனைப் படத்தின் சிறப்புக் கழுவிவிடாது. அவர் செயலின் குறை படத்தின் பொருளைப் பொய்யாக்கவும் மாட்டாது.

9. குறைகளும் முடிபும்

படத்திற் குறைகளும் இல்லாமலில்லை. வொர்ஸேயின் மனநிலைக்குக் கூறப்படும் விளக்கம் இறுதியில் விரைந்து வருகின்றது. மனநோய் மருத்துவரே மனநோயர் என்னும் திருப்பம், பன்மையாக விரிந்த வினாவை மீண்டும் ஒருவர்மேற் குவிக்க முயல்கின்றது. லோராவின் பங்கு சில சொற்களில் முடிந்துவிடுகின்றது. ஏற்றப்பட்ட ஊர்தியினின்று அவர் கூவும் கூவலுக்குப்பின் அவர்நிலை யாதாயிற்று என்பது தெரியவில்லை. ஜெர்மேன் தெனீசிடம் திரும்புவதை மகிழ்ச்சியான முடிவாகக் காட்டும் படம், அவர் கையொப்பத்தால் நேர்ந்த தீங்கைப் போதிய அளவு நினைவூட்டவில்லை. பெண்டிரே ஐயத்துக்கு முதலில் ஆளாகின்றனர்; மரி, தெனீஸ், லோரா என மூவரும் அடுத்தடுத்து வதைபட்டபின்னரே ஆடவர்பால் நோக்குச் செல்கின்றது. ஊரின் இவ்வழக்கத்தைப் படம் காட்டுகின்றதா, தானும் பின்பற்றுகின்றதா என்பதை அறுதியிட்டுக் கூறல் அரிது.

இக்குறைகள் உளவேனும், துப்பறியும் கதையின் வினாவையே ஆராய்ச்சிப் பொருளாக்கியமையால் இப்படம் அவ்வகையின் எல்லையை விரித்தது. குளோது ஷப்ரோல் 1970-இல் தொர்தோஞ் மாவட்டத்துத் திரெமொலா என்னும் ஊரில் எடுத்த ‘இறைச்சிக்கடைக்காரன்’ என்னும் படத்தில், கொலைஞன் யார் என்னும் ஐயம் கதைத்தலைவியின் உள்ளப் போராட்டமாக மாறுவது இவ்விரிவின் தொடர்ச்சி எனலாம். அது தனியே ஆராயத்தக்கது.

நூலாராய்ச்சியில் ஆக்கியோன் பெயர் காணுதல் இன்றியமையாதது. அதனை இப்படம் மறுக்கவில்லை. பெயர் கண்டவுடன் ஆராய்ச்சி முடிந்தது என்று எண்ணுவதையே மறுக்கின்றது. ஒரு கடிதத்தை இயற்றியவர், எழுதியவர், கொண்டுசென்றவர், படித்து மகிழ்ந்தவர், பிறர்க்குக் காட்டிப் பரப்பியவர் என ஐவர் இருக்கலாம். சேன் ரொபேனிற் காக்கையின் கடிதத்தைப் பெற்ற எத்துணைப் பேர் அதனைப் படியாமற் கிழித்தெறிந்தனர்? படத்தில் அப்படி ஒருவரையும் நாம் கண்டிலோம்.